ஹேவ்லாக்கில் கல்யாணப் படம்: உள்ளூர் போட்டோகிராபரை அமர்த்துவது எப்படி?

டிசம்பர் முதல் வாரத்தில் அந்தமானின் ஹேவ்லாக் தீவிலுள்ள ராதாநகர் கடற்கரையில் மாலை 4.50 மணிக்கெல்லாம் சூரியன் கடலுக்குள் இறங்கிவிடும். அதே நாளில் சென்னையில் சூரியன் மறைய 5.40 ஆகும். அந்தமான் நமக்குக் கிழக்கே சுமார் 1,350 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனால் கடிகாரம் மட்டும் நம்முடையதேதான். அதனால் அங்கே பொழுது நம்மைவிட ஐம்பது நிமிடம் முந்திக்கொள்கிறது. மதியச் சாப்பாடு, ஒரு குட்டித் தூக்கம், டீ, பிறகு ஐந்து மணிக்குக் கிளம்பிக் கடற்கரை என்று ஊர்ப் பழக்கத்தில் திட்டம் போடுகிறவர்கள் போய்ச் சேரும்போது, வானத்தில் மிச்சச் சிவப்புகூட இருக்காது. இருட்டத் தொடங்கியதும் காவலர்கள் விசிலடித்து எல்லாரையும் கரையேறச் சொல்லிவிடுவார்கள். பட்டுப் புடவையும் மாலையுமாக வந்து நிற்கும் ஜோடிக்கு அன்றைய நாள் அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் இடங்களில் சூரியன் சரிந்து சரிந்து இறங்குவதில்லை, கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் விழுகிறது. ஐரோப்பிய போட்டோகிராபர்கள் யூடியூபில் 'கோல்டன் ஹவர்' என்று சொல்லும் அந்தப் பொன்வெயில் ஹேவ்லாக்கில் ஒரு மணி நேரமெல்லாம் நிற்காது. அரை மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அந்த அரை மணி எப்போது தொடங்கும், அப்போது தண்ணீர் எதுவரை வந்திருக்கும், எந்த மரத்தடியில் வெளிச்சம் கடைசிவரை தங்கும் என்றெல்லாம் அங்கேயே வாழ்கிற ஒருவருக்குத்தான் மனப்பாடமாக இருக்கும். உள்ளூர் போட்டோகிராபருக்கு நீங்கள் தரும் பணம் இந்த அறிவுக்குத்தான். கேமரா யாரிடமும் இருக்கும். ஆகவே, ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த அறிவு அவரிடம் இருக்கிறதா என்று சோதிப்பதுதான் முதல் வேலை. தேனிலவுக்குப் போகிறவர்களுக்கும் குடும்பத்தோடு சுற்றுலா போகிறவர்களுக்கும் கடற்கரையில் கல்யாணமே நடத்தப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

உள்ளூர் என்றால் எந்த ஊர்?

பெயர்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஹேவ்லாக் தீவுக்கு 2018 டிசம்பரில் ஸ்வராஜ் த்வீப் என்றும், நீல் தீவுக்கு ஷஹீத் த்வீப் என்றும் பெயர் மாற்றினார்கள். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. படகு டிக்கெட்டில் ஒரு பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் வாயில் வேறு பெயர் வரும். இணையத்தில் போட்டோகிராபரைத் தேடும்போது பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் போட்டுத் தேடுங்கள். நல்ல ஆட்கள் பலர் இன்னும் பழைய பெயரிலேயே பக்கம் வைத்திருக்கிறார்கள்.

'அந்தமான் போட்டோகிராபர்' என்று விளம்பரம் செய்கிறவர்களில் மூன்று வகை உண்டு. ஹேவ்லாக்கிலேயே வீடு வாசலோடு இருப்பவர்கள் முதல் வகை. பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் இவர்களில் அதிகம். ராதாநகர், கோவிந்த் நகர், விஜய் நகர், கிருஷ்ணா நகர் என்ற கிராமப் பெயர்களே அந்த வரலாற்றைச் சொல்லும். வீட்டில் வங்காளியும் வெளியில் இந்தியும் பேசுவார்கள். இரண்டாவது வகை போர்ட் பிளேர் ஸ்டுடியோக்காரர்கள். அங்கே நம் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கின்றன, தமிழிலேயே பேசி முடிக்கலாம். மூன்றாவது, பெங்களூரிலோ டெல்லியிலோ உட்கார்ந்துகொண்டு இன்ஸ்டாகிராம் வழியாக ஆர்டர் பிடித்து, தீவில் யாராவது ஒருவருக்குக் கைமாற்றிவிடும் ஏஜென்சிகள்.

மூன்றாவது வகையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். நீங்கள் பார்த்து மயங்கிய படங்களை எடுத்தவர் ஒருவர், உங்கள் நாளில் வந்து நிற்பவர் வேறொருவர். 'அன்றைக்கு கேமராவைக் கையில் பிடிக்கப் போவது யார்? அவர் எடுத்த படங்களை மட்டும் அனுப்புங்கள்' என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் விஷயம் வெளிவந்துவிடும்.

போர்ட் பிளேர்க்காரரை அழைப்பதில் சிக்கல் திறமையில் இல்லை, கடலில் இருக்கிறது. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்கு வேகப் படகில் ஒன்றரையிலிருந்து இரண்டரை மணி நேரம் ஆகும். கடல் கொந்தளித்தால் படகை ரத்து செய்துவிடுவார்கள். நீங்கள் ஒரு கரையிலும் அவர் மறு கரையிலும் மாட்டிக்கொள்வீர்கள். அவரை அழைப்பதானால் முந்தைய நாளே வந்து தங்கவேண்டும், அந்தச் செலவு யாருடையது என்பதையும் முன்கூட்டியே பேசிவிடவேண்டும். இரண்டு மணி நேர தேனிலவு ஷூட்டுக்கு இவ்வளவு தேவையில்லை, தீவிலேயே இருப்பவர் போதும்.

ரிசார்ட்டே ஒரு போட்டோகிராபரைக் கைகாட்டும். அவர் நல்லவராகவும் இருக்கலாம். ஆனாலும் நீங்கள் வெளியிலிருந்து ஆள் கொண்டுவந்தால் தனிக் கட்டணம் உண்டா என்று அறை பதிவு செய்வதற்கு முன்பே கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வையுங்கள். முன்பணம் கட்டிய பிறகு கேட்டால் பேரம் பேச இடமிருக்காது.

மாதிரிப் படங்களில் எதைப் பார்ப்பது?

இன்ஸ்டாகிராமில் இருப்பவை ஓராண்டு உழைப்பில் பொறுக்கியெடுத்த படங்கள். அவற்றை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே ஜோடியை ஒரே மாலையில் எடுத்த முழு ஆல்பத்தையும் கேளுங்கள். அதில் முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை தரம் ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு, கடல் கோட்டைப் பாருங்கள். கடற்கரைப் படத்தில் ஆளின் கைத்திறன் வெளிப்படும் இடம் அதுதான். தொடுவானம் லேசாகச் சாய்ந்திருந்தால் கடல் ஒரு பக்கமாக வழிந்து ஓடுவதுபோல் இருக்கும். அதே கோடு மணப்பெண்ணின் கழுத்துக்குக் குறுக்கே போனால், முகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் படம் கெட்டுவிடும். தெரிந்தவர் சட்டென்று முட்டி போட்டு உட்காருவார், அல்லது ஒரு மேட்டில் ஏறுவார். கோடு தோளுக்குக் கீழே இறங்கும், இல்லாவிட்டால் தலைக்கு மேலே போகும். பத்துப் படங்களில் எட்டிலாவது இதைக் கவனித்திருக்கிறார் என்றால் தைரியமாக அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

அடுத்தது நிறம். இதைப்பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. நம்மில் பெரும்பாலோர் மாநிறம், கறுப்பு. ஹேவ்லாக் மணலோ வெள்ளை வெளேரென்று இருக்கும். வெயில் மேலிருந்தும் அடிக்கும், மணலில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கும். கேமராவைத் தானியங்கியாக விட்டால் அந்த வெள்ளையைப் பார்த்து மிரண்டு படத்தையே இருட்டாக்கிவிடும், முகம் கரிக்கட்டையாகத் தெரியும். இதைச் சரிசெய்கிறேன் என்று எடிட்டிங்கில் முகத்தை வெளுத்துவிடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை வேறொரு நிறமாக ஆல்பம் வந்து சேரும். பெண்ணைப் பெற்றவர்களேகூட அதை அழகு என்று சொல்லிவிடுவது உண்டு. தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள். முப்பது வருடம் கழித்துப் பேரப்பிள்ளைகள் பார்க்கப்போவது உங்களை. வேறு யாரோ ஒருவர் முகத்தை அல்ல. கறுத்த நிறமுள்ள ஜோடியைக் கடல் வெளிச்சத்தில் எடுத்த படங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முகத்தில் மினுமினுப்பும் நிழலும் இயல்பாக இருக்கின்றனவா, குங்குமத்தின் சிவப்பும் மஞ்சள் கயிற்றின் மஞ்சளும் அப்படியே இருக்கின்றனவா என்று கவனியுங்கள். 'தோல் நிறத்தை மாற்றக்கூடாது' என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்த படங்களையும் தனியாகக் கேளுங்கள். நிழலுருவப் படம் யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். பின்னால் வானம் சிவந்திருக்க, முன்னால் இருவர் முகமும் தெளிவாகத் தெரிகிற மாதிரி எடுக்கத்தான் ஃபிளாஷையோ ரிஃப்ளெக்டரையோ அளந்து பயன்படுத்தும் பயிற்சி வேண்டும். ஃபிளாஷை அதிகமாக அடித்தால் பட்டுச் சரிகை முழுக்க வெள்ளைக் கோடாகிவிடும்.

போனில் ஒரு சோதனை

படங்கள் பிடித்துவிட்டதா? வாட்ஸ்அப்பிலேயே பேசி முடிக்காமல் ஒருமுறை போனில் கூப்பிடுங்கள். 'உங்களிடம் என்ன கேமரா?' என்று கேட்பதில் பயனில்லை. இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"அண்ணா, ஜனவரி 20ஆம் தேதி சாயங்காலம் காலாபத்தர் பீச்சில் எடுக்கலாமா?"

"எடுக்கலாம் மேடம், சூப்பரா வரும்" என்று உடனே பதில் வந்தால் யோசியுங்கள். காலாபத்தர் கிழக்கு நோக்கிய கரை. சாயங்காலம் சூரியன் காட்டுக்குப் பின்னால் போய்விடும், கரையெல்லாம் நிழல். "சாயங்காலம் அங்கே வேண்டாம் மேடம், விடியற்காலையில் வாங்க. சாயங்காலத்துக்கு ராதாநகர் போயிடலாம். அன்னைக்குத் தண்ணி எப்ப ஏறும்னு பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்கிறவர்தான் உங்களுக்கு வேண்டியவர். வாடிக்கையாளர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாமல் மறுத்துச் சொல்லும் துணிவு இந்தத் தொழிலில் பெரிய தகுதி.

'தண்ணி எப்ப ஏறும்' என்பது சாதாரணக் கேள்வி அல்ல. சென்னையில் ஏற்றவற்றம் குறைவு, அதனால் நாம் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. அந்தமானில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் மட்டம் சுமார் 2 மீட்டர் ஏறி இறங்கும். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். விஜய் நகர் கரையில் வற்றத்தின்போது கடல் வெகுதூரம் உள்வாங்கி, பாறையும் செத்த பவளமும் பாசியுமாகக் கிடக்கும். ஏற்றத்தின்போது அதே இடத்தில் தண்ணீர் மரத்தடிவரை வந்து நிற்கும். ஒரே இடம், ஆறு மணி நேர இடைவெளியில் வேறு வேறு கரை. இந்திய சர்வே துறை ஆண்டுதோறும் ஏற்றவற்ற அட்டவணை வெளியிடுகிறது, போர்ட் பிளேருக்கான நேரங்கள் அதில் உண்டு. நல்ல போட்டோகிராபர் தேதியைக் கேட்டதும் அதைப் பார்த்துவிட்டுத்தான் நேரம் சொல்வார்.

எந்தக் கரை, எந்த நேரம்

ராதாநகர் மேற்கு நோக்கிய கரை. 2004இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதிய பிறகு உலகப் புகழ் பெற்றது. 2020இல் புளூ ஃபிளாக் சான்றிதழும் கிடைத்தது. படகுத் துறையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். டிசம்பரில் மூன்றரைக்கு அங்கே இருக்கவேண்டும். ஏப்ரலில் நாலு மணிக்குப் போனால் போதும், அப்போது சூரியன் மறைய ஐந்தரை ஆகும். எல்லாரும் நுழைவாயிலுக்கு நேராகவே நிற்பார்கள், படத்தில் பின்னணி முழுக்கத் தலைகளாக இருக்கும். கொஞ்ச தூரம் நடந்தால் கூட்டம் குறையும். ஆனால் ஓரத்தில் இருக்கும் உப்பங்கழிப் பக்கம் முதலை எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன. 2010இல் ஹேவ்லாக்கில் ஒரு சுற்றுலாப் பயணி முதலை தாக்கி இறந்திருக்கிறார். 'அங்கே தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், வாங்க' என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

ராதாநகரில் ஒரு வங்காளி இளைஞர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஜோடியை நிற்கவைப்பதற்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மணலில் குதிகாலை அழுத்தி அழுத்தி நடந்தார். ஒரு இடத்தில் கால் பதிந்த குழியில் தண்ணீர் ஊறி நின்றது, இன்னொரு இடத்தில் உடனே உறிஞ்சிவிட்டது. தண்ணீர் ஊறி நின்ற இடத்தில் அலை வடிந்த பிறகும் சில விநாடிகள் மணல் மேல் மெல்லிய நீர்ப்படலம் தங்கியது. வானத்தின் சிவப்பு அப்படியே அதில் இறங்கியது. அங்கே ஜோடியை நிறுத்திவிட்டு, அலை வரும்போது எடுக்காமல், அது திரும்பிப் போன மறுகணம் எடுத்தார். கேமராவைத் தரையோடு தரையாக வைத்திருந்தார். நாலைந்து அலைகளுக்குள் வேலை முடிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மற்ற போட்டோகிராபர்கள் அலையோடு போராடிக்கொண்டிருந்தார்கள்.

காலாபத்தர் காலைக்கு உரியது. டிசம்பரில் 5.25க்குச் சூரியன் உதிக்கும், ஏப்ரல் கடைசியில் ஐந்து மணிக்கே. அதாவது மணப்பெண் அலங்காரத்துக்கு மூன்று மணிக்கு எழுந்திருக்கவேண்டும். கஷ்டம்தான், ஆனால் அந்த நேரத்தில் கரையில் ஆள் இருக்காது. விஜய் நகர் கரையில் கடலை நோக்கிச் சாய்ந்து நிற்கும் பெரிய மரங்கள் இருக்கின்றன. மொட்டை வெயிலில் எடுத்தே ஆகவேண்டும் என்றால் அந்த நிழலில் எடுக்கலாம். நீல் தீவுக்குப் போகிறவர்களுக்கு லக்ஷ்மண்பூர் மாலைக்கும் சீதாபூர் காலைக்கும் ஏற்றவை. அங்கே உள்ள இயற்கைப் பாறைப் பாலத்துக்கு வற்றத்தின்போது மட்டுமே போகமுடியும்.

ஹேவ்லாக்கிலேயே உள்ள எலிஃபண்ட் பீச்சில் நீருக்கடியில் எடுக்கும் படங்களைப் படகுக்காரர்களே சிறு கேமராவில் எடுத்துத் தந்துவிடுவார்கள். நினைவுக்கு அது போதும். தனியாக ஆள் வைக்க அவசியமில்லை.

கல்யாணமே அங்கே என்றால்

முதல் வேலை ஜோசியரிடம். சென்னையிலோ மதுரையிலோ உட்கார்ந்து குறித்த முகூர்த்த நேரத்தை அப்படியே ஹேவ்லாக்குக்குக் கொண்டுபோகக் கூடாது. லக்னம் இடத்துக்கு இடம் மாறும். ராகு காலமும் சூரிய உதயத்தை வைத்துக் கணக்கிடுவதால் அங்கே ஐம்பது நிமிடம் முன்னதாக வரும். ஊர் பெயரைச் சொல்லிக் கணிக்கச் சொல்லுங்கள். இது போட்டோகிராபருக்கும் முக்கியம். காலை 7 மணிக்கு ஹேவ்லாக்கில் அடிப்பது நம் ஊர் எட்டு மணி வெயில். ஆறு மணி முகூர்த்தம் கிடைத்தால் முகத்தில் பொன்னிறம், எட்டு மணி என்றால் கண்ணைச் சுருக்கும் வெயில்.

அடுத்த சிக்கல் திசை. நம் வழக்கப்படி மணமக்கள் கிழக்கு நோக்கி உட்காருவார்கள். கல்யாணம் நடத்தித் தரும் ரிசார்ட்டுகள் விஜய் நகர், கோவிந்த் நகர் பக்கம், அதாவது கிழக்குக் கரையில்தான் அதிகம். அப்படியானால் மணமக்கள் கடலைப் பார்த்து உட்காருவார்கள். காலை வெயில் நேராக முகத்தில் விழும், முகம் அருமையாக வரும். ஆனால் போட்டோகிராபர் கடல் பக்கம் நின்று எடுக்கவேண்டும், படத்தின் பின்னணியில் கடலே இருக்காது, தென்னை மரமும் ரிசார்ட் கூரையும்தான் இருக்கும். இவ்வளவு செலவு செய்து கடற்கரைக்கு வந்து, கடல் இல்லாத தாலிகட்டு! கடல் பின்னணிக்காக மணமக்களைத் திருப்பி உட்காரவைத்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் போய்விடும், முகம் இருட்டும். பெரியவர்களும் ஒப்பமாட்டார்கள்.

இதற்கு நான் பார்த்தவரையில் சரியான வழி, மணவறையை நேராகக் கடலைப் பார்த்துப் போடாமல் கரைக்குக் குறுக்காகக் கொஞ்சம் திருப்பிப் போடுவது. கிழக்கின் எல்லைக்குள்ளேயே பத்து, பதினைந்து டிகிரி திருப்பினால் சாஸ்திரத்துக்கும் பங்கமில்லை என்று வாத்தியார்கள் பலர் ஒத்துக்கொள்வார்கள். அவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். ஒரு போட்டோகிராபர் கடல் பக்கம் கணுக்கால் தண்ணீரில் நின்று முகங்களை எடுப்பார். இன்னொருவர் பக்கவாட்டிலிருந்து மணமக்களின் தோளுக்கு மேலாகக் கடலும் வரும்படி எடுப்பார். அந்த நேரத்தில் ஏற்றம் உச்சத்தில் இருந்தால் கடல் பக்கம் நிற்க இடமே இருக்காது. அதனால்தான் முகூர்த்த நேரத்தோடு ஏற்றவற்ற நேரத்தையும் பொருத்திப் பார்க்கச் சொல்கிறேன்.

அந்த இரண்டு பேரில் ஒருவர் நம் ஊர்க்காரராக இருக்கட்டும். கல்யாணத்தைப் பொறுத்தவரை இதில் கஞ்சத்தனம் வேண்டாம். தீவின் போட்டோகிராபருக்கு வெளிச்சம் தெரியும், சடங்கு தெரியாது. கெட்டிமேளம் சொல்லி மூன்று முடிச்சு விழுவதற்குள் எவ்வளவு நேரம் ஆகும்? சில விநாடிகள். அந்த நேரத்தில் அட்சதையோடு முப்பது கைகள் குறுக்கே வரும். மணவறை மேடையில் இருந்தால் கீழிருந்து எடுக்கலாம். கடற்கரையில் எல்லாம் ஒரே மட்டம், மாமாக்களின் முதுகுதான் படத்தில் விழும். நம் ஊர் ஆள் கெட்டிமேளத்துக்கு முன்பே இடம் பிடித்திருப்பார். 'சித்தப்பா, அந்தப் பக்கம் கொஞ்சம் வழி விடுங்க' என்று உரிமையோடு சொல்லவும் அவரால்தான் முடியும். கடல் பக்கம் யாரும் நிற்கக் கூடாது என்று உறவினர்களிடம் முந்தைய இரவே சொல்லிவையுங்கள்.

இருவரை வைக்க வசதியில்லை என்றால், உள்ளூர்க்காரரிடம் சடங்குகளை வரிசையாக எழுதிக் கொடுங்கள். மாலை மாற்றல், கன்னிகாதானம், தாலிகட்டு, அம்மி மிதித்தல், மெட்டி, அருந்ததி பார்த்தல் என்று உங்கள் வீட்டு வழக்கப்படி. ஒவ்வொன்றுக்கும் ஒரு யூடியூப் வீடியோவை அனுப்பி, 'இந்த நொடி தவறக்கூடாது' என்று குறித்துக் கொடுங்கள். சொந்தத்தில் இந்தி தெரிந்த ஒரு பையனை அன்று முழுக்க அவர் பக்கத்திலேயே நிறுத்துங்கள்.

காற்றை மறந்துவிடாதீர்கள். டிசம்பரிலும் ஜனவரியிலும் வடகிழக்குக் காற்று இந்தக் கிழக்குக் கரைமேல் நேராக வீசும். ஹோமப் புகை மணமக்கள் கண்ணில் போகும், கண்ணீர் வழிந்து மை கரையும். குண்டத்தைச் சுற்றிக் கடல் பக்கம் தாழ்வாக ஒரு தடுப்பு வைக்கச் சொல்லுங்கள். புடவை முந்தானையை இரண்டு இடத்தில் கூடுதலாகப் பின் குத்துங்கள். உப்புத் தண்ணீர் பட்டால் சரிகை கறுத்துவிடும். அலையில் கால் நனைக்கும் படங்களுக்கு வேறு சேலை கட்டிக்கொள்ளுங்கள், முகூர்த்தப் பட்டு வேண்டாம்.

கடற்கரை ரிசார்ட்டுக்குச் சொந்தமல்ல. பந்தல் போட, நாற்காலி போட, ஒலிபெருக்கி வைக்க யார் அனுமதி வாங்குகிறார்கள் என்று ரிசார்ட்டிடம் கேட்டு, அனுமதிக் கடிதத்தின் நகலை வாங்கி வையுங்கள்.

செய்யக் கூடாதவை

அந்தமான் பாதுகாப்புத் துறையின் கண்காணிப்பில் இருக்கும் பகுதி. அனுமதியில்லாமல் டிரோன் பறக்கவிட்டால் கருவியும் போகும், வழக்கும் வரும். 'நான் பார்த்துக்கிறேன் சார்' என்று சொல்கிறவரிடம் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் டிரோனை மறந்துவிடுங்கள், தரையிலிருந்தே நல்ல படம் வரும்.

பாராடாங் தீவுக்குப் போகும் வழியில் ஜாரவா பழங்குடி மக்களைப் படம் எடுப்பது பழங்குடிப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், சிறைத் தண்டனை உண்டு. அவர்களை வேடிக்கைப் பொருளாக்கும் எந்தப் பேக்கேஜையும் ஏற்காதீர்கள். பவளத்தை உடைத்துக் கையில் பிடித்துக்கொண்டு போஸ் கொடுக்கச் சொல்லும் போட்டோகிராபரும் வேண்டாம். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது.

பணமும் எழுத்தும்

விலை ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் மாறும். டிசம்பர் கடைசி வாரம் எல்லாமே ஏறும். மொத்தத் தொகையைவிட, அதில் என்னென்ன அடக்கம் என்பதுதான் முக்கியம். எத்தனை மணி நேரம், எத்தனை கரை, எடிட் செய்த படங்கள் எத்தனை, எடிட் செய்யாத படங்களும் கிடைக்குமா, வண்டிச் செலவு யாருடையது, நேரம் தாண்டினால் மணிக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் தருவார். இவை ஒரு பக்கத்தில் எழுதியிருந்தால் போதும், வக்கீல் தேவையில்லை. மூன்றில் ஒரு பங்கு அட்வான்ஸ், ஒரு பங்கு கோப்புகளை வாங்கிய அன்று, மீதி எடிட் செய்த படங்கள் கைக்கு வந்த பிறகு என்று பிரித்துக்கொள்வது இருவருக்கும் நியாயம். முழுப் பணத்தையும் முன்பே கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதேபோல், பேசிய தொகையைக் கடைசி நிமிடத்தில் குறைக்காதீர்கள். தீவில் சீசன் சில மாதங்கள்தான், அதில் சம்பாதிப்பதை வைத்துத்தான் மழைக்காலத்தையும் அவர் தள்ளவேண்டும்.

படங்களின் உரிமை யாருக்கு? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆவது பிரிவின்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவின் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே. ஆனால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரைதான். சில ஸ்டுடியோக்களின் அச்சடித்த படிவத்தில் 'உரிமை அனைத்தும் ஸ்டுடியோவுக்கே' என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அதை அடித்துவிடச் சொல்லுங்கள். இன்ஸ்டாகிராமில் போடுவதைப்பற்றியும் இப்போதே முடிவெடுங்கள். எல்லாவற்றையும் தடுக்கவேண்டும் என்பதில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்துத் தரும் ஐந்தாறு படங்களை அவர் போட்டுக்கொள்ளலாம் என்றால் அவருக்கும் தொழில் நடக்கும், உங்களுக்கும் நிம்மதி. தண்ணீரில் நனைந்த படங்கள், குழந்தைகளின் படங்கள் வெளியே போகக் கூடாது என்றால் அதை எழுத்தில் வையுங்கள்.

மழைக்கும் ஒரு வரி வேண்டும். போர்ட் பிளேரில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, சென்னையைப்போல் இரண்டு மடங்கு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். மே முதல் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர், நவம்பரில் புயல் பயம். மழையால் நின்றுபோனால் அடுத்த நாள் அதே பணத்துக்கு எடுத்துத் தருவாரா, படகு ரத்தாகி நீங்களே வரமுடியாவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வருமா? இரண்டையும் கேளுங்கள். போட்டோ எடுப்பதைத் தீவில் இறங்கும் முதல் நாளே வைத்துக்கொண்டால், தவறினாலும் மறுநாள் மிச்சமிருக்கும்.

அன்றைக்கு

ஏசி அறையில் வைத்திருந்த கேமராவை நேராக வெளியே கொண்டுவந்தால் லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிடும். துடைத்தாலும் மறுபடி படியும். நம் ஊரிலிருந்து வரும் போட்டோகிராபர் உங்கள் ரிசார்ட்டில் தங்கினால், முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் முன்பே கேமராப் பையைத் திறந்து வராந்தாவில் வைக்கச் சொல்லுங்கள். தீவுக்காரருக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. விடியலிலும் அந்தியிலும் மணல் பூச்சிகள் கடிக்கும். காலிலும் கையிலும் பூச்சி விரட்டித் தைலம் தடவிக்கொள்ளாவிட்டால் ஆல்பம் முழுக்கச் சிவப்புத் தடிப்பு. பூவைத் தீவில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள், மல்லிகைக்கு முன்பே சொல்லி ஏற்பாடு செய்யவேண்டும்.

படங்கள் கைக்கு வரும்வரை வேலை முடியவில்லை. சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் வந்த பிறகு தீவில் இணையம் எவ்வளவோ மேல், அதற்கு முன் செயற்கைக்கோளை நம்பித்தான் இருந்தார்கள். என்றாலும் ஒரு கல்யாணத்தின் முழு கோப்புகளையும் ரிசார்ட் வைஃபையில் ஏற்றி இறக்க நினைக்காதீர்கள். ஒரு ஹார்ட் டிஸ்க் கையோடு கொண்டுபோங்கள். நீங்கள் தீவைவிட்டுக் கிளம்புவதற்கு முன் எல்லாக் கோப்புகளும் அதில் ஏறவேண்டும், அவரிடம் ஒரு பிரதியும் இருக்கவேண்டும். மெமரி கார்டு இரண்டு போடும் வசதியுள்ள கேமராவா என்று கேட்டுவிடுங்கள், இருந்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியச் சொல்லுங்கள். ஹார்ட் டிஸ்க்கை வாங்கியதும் லேப்டாப்பில் போட்டு, முதல் படம் ஒன்று, தாலிகட்டுப் படம் ஒன்று, கடைசிப் படம் ஒன்று, ஒரு வீடியோ ஆகியவற்றை அவர் முன்னாலேயே திறந்து பாருங்கள். கோப்புகளின் எண்ணிக்கையை இருவரும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தவணையை அப்போது கொடுத்துவிடலாம். மூன்றாவது, எடிட் செய்த படங்கள் வந்து, சொன்ன எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று பார்த்த அன்றே.